கறுப்புக் காய் – 11: எந்தப் புத்தகத்தைத் திறப்பது?

சென்ற வாரம் வெள்ளைக்குக் கிடைக்கும் முதல் நகர்த்தலின் மதிப்பைப் பார்த்தோம். பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களை மொத்தமாகக் கூட்டினால் நூற்றுக்கு 54 புள்ளியை ஒட்டி வெள்ளைக்குப் போய்விடுகிறது. மிச்சத்தை வைத்துப் பிழைக்க வேண்டியவர் கறுப்பு ஆடுகிறவர். ஒன்பது சுற்றுப் போட்டியில் நாலைந்து சுற்று எல்லோருக்கும் இந்த நிலைதான். கறுப்புக்கு ஓர் ஓப்பனிங்கை உருப்படியாகக் கற்க வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இருக்காது. எதை வைத்துக் கற்பது என்பதில்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள்.

நேமத்தான்பட்டியில் ஒரு பழைய வீட்டின் வளவில் இந்தத் திணறலை நேரில் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன். ரேட்டிங் இப்போதுதான் 1400ஐத் தாண்டியிருக்கிறது. அவன் கைப்பேசியில் சிசிலியன் நாய்டார்ஃப் பற்றிக் காசு கொடுத்து வாங்கிய ஒரு பாடத் தொகுப்பு, கிங்ஸ் இந்தியன் பற்றி யாரோ அனுப்பிய இரண்டு மின்நூல்கள், எண்ண முடியாத வீடியோக்கள். பக்கத்திலேயே முறுக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்த அவனுடைய அப்பத்தா சொன்னார்: “இம்புட்டு வாங்கி வச்சிருக்கான் தம்பி. எதைப் படிக்கணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

அவனிடம் அந்தப் பாடங்களைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. போட்டிகளில் அவன் எழுதிய ஸ்கோர் ஷீட்டுகளைத்தான் கேட்டேன். பத்திரமாக வைத்திருந்தான். கறுப்பு ஆடிய தாள்களைத் தனியே எடுத்து வரிசையாகப் பரப்பினோம். வெள்ளை ஈ4, இவன் சி5. அடுத்து ஒரு எதிராளி மந்திரியை சி4-க்குக் கொண்டுவருகிறார். இன்னொருவர் சி3. மற்றொருவர் எஃப்4. நாய்டார்ஃப் என்பது கறுப்பின் ஐந்தாவது நகர்த்தலான ஏ6-இல்தான் பிறக்கிறது. இவனுடைய எதிராளிகளோ இரண்டாவது, மூன்றாவது நகர்த்தலிலேயே வேறு பாதையில் போய்விடுகிறார்கள். மாதக்கணக்கில் மனப்பாடம் செய்தது பலகையில் வரவே இல்லை.

இதில் பையனின் பிழை ஒன்றும் இல்லை. நாய்டார்ஃப் ஃபிஷரும் காஸ்பரோவும் ஆடியது. அதற்கு எழுதப்படும் நூல்களும் அந்த உயரத்தில் ஆடுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதப்படுபவை. காரைக்குடியிலோ சிவகங்கையிலோ ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் எதிரே உட்காருகிறவர் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்க மாட்டார். ஆகவே ஒரு நூலையோ பாடத்தையோ வாங்கும் முன் உங்கள் ஸ்கோர் ஷீட்டுகளை அதன் பொருளடக்கத்தோடு வைத்துப் பாருங்கள். உங்களோடு ஆடியவர்கள் நிஜமாக ஆடிய இரண்டாவது, மூன்றாவது நகர்த்தல்களுக்கு அதில் எத்தனை பக்கம் இருக்கிறது? பின்னிணைப்பில் நாலு வரி மட்டும்தான் என்றால் அந்த நூல் இப்போதைக்கு உங்களுக்கானது இல்லை.

எந்த ஓப்பனிங் என்பதும் இதே கேள்விக்குள் வந்துவிடுகிறது. பெல்கிரேடில் தொகுக்கப்பட்ட ஓப்பனிங் கலைக்களஞ்சியம் எல்லா ஓப்பனிங்குகளையும் ஏ முதல் ஈ வரை ஐந்து எழுத்துகளில், எழுத்துக்கு நூறாக, 500 குறியீடுகளில் அடக்கியிருக்கிறது. அதில் சிசிலியனுக்கு மட்டும் பி20 முதல் பி99 வரை 80 குறியீடுகள். பிரெஞ்சு டிஃபென்ஸுக்கு 20. காரோ-கான் ஓப்பனிங்குக்குப் பத்தே பத்து. குறியீட்டின் எண்ணிக்கை ஆழத்தைக் காட்டாது, உண்மைதான். ஆனால் பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாத ஊரில், பள்ளி முடிந்து மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்கும் பிள்ளைக்கு எவ்வளவு படிக்க வேண்டியிருக்கும் என்பதை அது நன்றாகவே காட்டுகிறது. அந்தப் பையனுக்கு நான் சொன்னது காரோ-கான். ஈ4-க்கு சி6, டி4-க்கு டி5. 1886-இல் இதைப் பற்றிய ஆய்வை வெளியிட்ட ஹொரேஷியோ காரோ, மார்க்கஸ் கான் இருவரின் பெயரால் வழங்குவது. பிரெஞ்சில் கறுப்பு முதலிலேயே ஈ6 ஆடுவதால் சி8-இல் இருக்கும் மந்திரி உள்ளே அடைபட்டுப் போகும். காரோ-கானில் அந்த மந்திரி வெளியே வர வழி திறந்திருக்கிறது. முழு ஓப்பனிங்கின் நோக்கத்தையும் இப்படி ஒரு வாக்கியத்தில் அவன் அப்பத்தாவுக்கே சொல்லிவிடலாம்.

இனி புத்தகம். கையில் எடுத்ததும் ஒரே ஒரு இடத்தைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். காரோ-கானில் மூன்றாவது நகர்த்தலில் வெள்ளை ஈ5 என்று சிப்பாயை முன்னே தள்ளினால், கறுப்பு மந்திரியை எஃப்5-இல் வைக்கும். இப்போது வெள்ளை எச்4 ஆடுகிறது. பார்வைக்கு ஓரத்துச் சிப்பாயின் வெற்று நகர்த்தல். வழக்கம்போல் கறுப்பு ஈ6 ஆடினால் வந்தது வினை. வெள்ளை ஜி4, மந்திரி ஈ4-க்கு ஓடும். வெள்ளை எஃப்3; மந்திரி ஜி6-க்குத் திரும்பும். வெள்ளை எச்5. இனி மந்திரிக்குத் தப்ப இடமில்லை, ஒரு சிப்பாய்க்காக அதைப் பலி கொடுக்க வேண்டியதுதான். அதனால் எச்4 வந்தவுடன் கறுப்பும் எச்5 ஆடி ஜி4-ஐத் தடுப்பது நல்ல பதில். சில நூல்களில் இந்த இடத்தில் ‘4...எச்5’ என்று மட்டும் அச்சிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ஏன் என்று ஒரு பத்தி எழுதியிருக்கும் நூலை வாங்குங்கள். காரணம் தெரியாமல் நினைவில் வைத்த நகர்த்தல், எதிராளி வரிசையை மாற்றி ஆடிய நிமிடத்தில் கைவிட்டுவிடும்.

வரிசைக்கு இன்னும் கொடிய உதாரணம் இதே ஓப்பனிங்கில் இருக்கிறது. வெள்ளை மூன்றாவதாகக் குதிரையை சி3-க்குக் கொண்டுவர, கறுப்பு ஈ4-இல் வெட்ட, வெள்ளை குதிரையால் திரும்ப வெட்டுகிறது. கறுப்பு ஒரு குதிரையை டி7-இல் வைக்கிறது. வெள்ளை ராணி ஈ2. இப்போது அடுத்த குதிரையை எஃப்6-க்கு எடுத்தால் ஆட்டம் முடிந்தது. வெள்ளைக் குதிரை டி6-இல் குதித்து செக்மேட். ஈ7 சிப்பாய் அந்தக் குதிரையை வெட்ட முடியாது. நகர்ந்தால் ஈ2-இல் இருக்கும் ராணிக்குத் தன் ராஜாவைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆறே நகர்த்தல். முதல் அத்தியாயத்திலேயே இதை எச்சரிக்காத நூல் தொடக்கக்காரருக்காக எழுதப்பட்டது அல்ல.

குவாலிட்டி செஸ் வெளியிட்ட லார்ஸ் ஷாண்டார்ஃபின் காரோ-கான் நூலைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அருமையான நூல்தான், ஆனால் அது வந்த நூல்வரிசையின் பெயரே ‘கிராண்ட் மாஸ்டர் ரெப்பர்ட்வா’. 1400-க்கு அது பாரம். இந்தக் கட்டத்தில் முழு ஆட்டங்கள் வழியாகச் சொல்லித்தரும் நூலே மேல். ஓப்பனிங்கில் தொடங்கி இறுதியாட்டம் வரை ஒரு சிப்பாய் அமைப்பு எப்படி மாறுகிறது என்பது முழு ஆட்டத்தில்தான் தெரியும். 1958-இல் ஸ்மிஸ்லோவிடமிருந்து உலகப் பட்டத்தைத் திரும்பப் பெற்றபோது போட்வின்னிக் நம்பியது காரோ-கானைத்தான். அந்தப் போட்டியின் முதல் மூன்று ஆட்டங்களையும் வென்றே தொடங்கினார். பிற்காலத்தில் கார்ப்பவ் இதை ஆடினார். இவர்களுடைய ஆட்டங்களைப் பலகையில் கையால் காய் நகர்த்தி ஆடிப் பார்க்க வேண்டும், கைப்பேசித் திரையில் தள்ளித் தள்ளி அல்ல. தமிழில் ஓப்பனிங்கை இந்த ஆழத்தில் சொல்லும் நூல்கள் மிகக் குறைவு என்பது எனக்குத் தீராத வருத்தம். ஆங்கிலம் தடையாக இருக்கும் பிள்ளைக்கு விளக்கத்தைவிட ஆட்டங்கள் கைகொடுக்கும். காய்களுக்கு மொழி கிடையாது.

வீடியோ? அறிமுகத்துக்கு நல்லது, அவ்வளவுதான். செஸ்ஸபிள் போன்ற பயிற்சித் தளங்கள் மறக்கப்போகும் நேரம் பார்த்துத் திரும்பத் திரும்பக் கேட்கும். புரிந்துகொண்டதை உறுதிப்படுத்த நல்ல கருவி, முதல் ஆசிரியராக வேண்டாம். லிச்செஸ் தளம் முழுக்க இலவசம். அதில் இருக்கும் ஓப்பனிங் தேடலில் ரேட்டிங்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஈ4 சி6-க்குப் பிறகு 1400, 1600 அளவில் ஆடுகிறவர்கள் நிஜமாக என்ன ஆடுகிறார்கள் என்று பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கும் பல பாடங்கள் சொல்லாத செய்தி அங்கே கிடைக்கும்.

கணினி எஞ்சினை மட்டும் தள்ளி வைக்கச் சொன்னேன். பையனுக்கு அது பிடிக்கவில்லை. குகேஷின் கதையைச் சொன்னேன். 2019 ஜனவரியில் 12 வயதில் கிராண்ட் மாஸ்டர் ஆனவர். அந்த நிலைக்கு வளரும் காலம் வரை பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரை எஞ்சின் பக்கமே அண்டவிடவில்லை. விடையை முதலிலேயே காட்டிவிடும் துணையோடு உட்கார்ந்தால் கணக்குப் போடும் பழக்கம் வராது என்பதுதான் காரணம். அதே குகேஷ் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் கடைசி ஆட்டத்தில் டிங் லிரெனை வென்று உலக சாம்பியன் ஆனது கறுப்புக் காயோடுதான்.

நினைவாற்றல் எவ்வளவு பெரியவரையும் ஏமாற்றும் என்பதற்கு ஆனந்தே சாட்சி. 2010-இல் சோஃபியாவில் டோபலோவுக்கு எதிராக முதல் ஆட்டத்தில் கறுப்பாக க்ரூன்ஃபெல்ட் ஆடினார். வீட்டில் தயாரித்து வைத்ததை பலகையில் குழப்பிக்கொண்டு ராஜாவை எஃப்7-க்கு நகர்த்தினார், ஆட்டம் போனது. கசிம்ஜானோவ், நீல்சன், கங்குலி, வாய்டாஷெக் என நாலு துணைவர்கள் இருந்தும் இப்படி. பன்னிரண்டாவது, கடைசி ஆட்டத்திலும் அவருக்குக் கறுப்பு. இம்முறை எமானுவல் லாஸ்கரின் பெயர் தாங்கிய பழைய, எளிய தடுப்பை எடுத்தார். வென்றார், பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

ஊர் ஒதுக்குப்புறம் என்ற கவலை அந்த வீட்டில் இருந்தது. அதற்குப் பதில் காரைக்குடியிலேயே இருக்கிறது. 2023 ஜனவரியில் ஸ்டாக்ஹோமில் ரில்டன் கோப்பையை வென்று இந்தியாவின் 79ஆவது கிராண்ட் மாஸ்டர் ஆன எம். பிரணேஷ் காரைக்குடிக்காரர். ஆர்.பி. ரமேஷிடம் பயின்றவர். 2025-இல் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டியின் சேலஞ்சர்ஸ் பிரிவையும் வென்றார்.

பையனுக்கு எழுதிக்கொடுத்தது இவ்வளவுதான்: ஆட்டங்கள் வழியாக விளக்கும் காரோ-கான் நூல் ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகம், சொந்த ஸ்கோர் ஷீட்டுகள். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் எந்த நகர்த்தலில் நூலை விட்டு விலகினோம், விலகியது யார் என்பதை நோட்டில் குறிக்க வேண்டும். பிறகு அந்த ஒரு இடத்தை மட்டும் நூலில் தேடிப் படிக்க வேண்டும்.

இது ஈ4 ஆடுகிறவர்களுக்கான ஏற்பாடு. முதல் நகர்த்தலே டி4 என்றால் சி6 பற்றிய இந்தப் படிப்பில் எது உதவும், எது உதவாது, லண்டன் சிஸ்டம் ஆடுகிறவர்களை என்ன செய்வது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)