பிரெஞ்சா, மாண்டரினா?

பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தால் மார்க்கை அள்ளலாம் என்ற பேச்சு நம்மூரில் பல வருடங்களாக ஓடுகிறது. சீனம், அதாவது மாண்டரின், தெரிந்தால் வேலை தேடி வரும் என்பது அதற்குப் பிந்திய பேச்சு. இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு, கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழிகளைக் கற்றுத்தருகிறது. அதன் கணக்கில் பிரெஞ்சுக்குச் சுமார் 750 வகுப்பு மணி போதும், மாண்டரினுக்கு 2,200. வாரம் 5 மணி நேரம் படித்தால் முதலாவதுக்கு ஏறக்குறைய மூன்று வருடம், இரண்டாவதுக்கு எட்டு வருடத்துக்கும் மேல்.

இது ஆங்கிலம் பேசுவோருக்கான கணக்கு. தமிழருக்குச் சில இடங்களில் சலுகை உண்டு. பிரெஞ்சின் மூக்கொலி பலரை மிரட்டும். ஆனால் 'வந்தான்', 'மரம்' என்று பேசும்போது கடைசி மெய் கரைந்து மூக்கில் ஒலிக்கிறதே, கிட்டத்தட்ட அதேதான். வந்தேன், வந்தாய் என வினை மாறுவதும் நமக்குப் பழக்கம். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதை மட்டும் மனப்பாடம் செய்துதான் தீர வேண்டும்.

மாண்டரினில் வினை மாறாது, பாலும் கிடையாது. நான்கு தொனிகளும் பழகப் பழக வந்துவிடும். ஆளைச் சாய்ப்பது எழுத்துதான். சீன மொழித் திறனைச் சோதிக்கும் ஹெச்எஸ்கே தேர்வின் பழைய ஆறு நிலை வடிவத்தில், முதல் இரண்டு நிலைகளில் சீன எழுத்தோடு ரோமன் எழுத்தில் உச்சரிப்பும் அச்சாகியிருக்கும். மூன்றாம் நிலையில் அந்த ஊன்றுகோல் போய்விடும். சீன அரசின் 2013ஆம் ஆண்டுப் பட்டியலில் அடிப்படைப் பிரிவில் மட்டும் 3,500 எழுத்துகள்!

குவாங்சோவிலிருந்து சரக்கு எடுப்பவருக்கும், ஸ்ரீபெரும்புதூரில் தைவான் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கும் அந்த உழைப்பு வீண்போகாது. தைவானில் பழைய வடிவ எழுத்துதான் புழக்கம் என்பதை மட்டும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கனடாவுக்குக் குடியேற நினைப்பவருக்குப் பிரெஞ்சுதான். அங்கே பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே 2023 முதல் தனிச் சுற்றுகளில் அழைப்பு விடுக்கிறார்கள். அதற்கு டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழிச் சான்றிதழ் செல்லாது. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற தேர்வை எழுத வேண்டும். மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். ஆகவே பள்ளியிலேயே எழுதி வைத்துவிடலாம் என்று அவசரப்பட்டுப் பணத்தைக் கட்டாதீர்கள்.