கார் நிக்கோபாரில் உடலுழைப்பும் உடல் எடையும்

உணவின் வாயிலாகக் கிடைக்கும் ஆற்றலில் செலவாகாது எஞ்சுவது கொழுப்பாக உடலில் தங்கிவிடுகிறது. மூச்சு, இதயத் துடிப்பு முதலிய உள்ளியக்கங்களுக்கு வேண்டிய ஆற்றல் நாள்தோறும் பெரிதும் மாறுவதில்லை. நடத்தல், சுமத்தல், ஏறுதல், துடுப்பு வலித்தல் ஆகியவற்றிற்குச் செலவாவதோ வாழ்க்கை முறைக்கேற்பக் கூடும் அல்லது குறையும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தால் 60 முதல் 80 கிலோ கலோரி வரையே செலவாகும். அந்நேரம் விரைந்து நடந்தால் 200 கிலோ கலோரிக்கு மேல் செலவாகும். இவ்வுண்மையை விளக்கக் கார் நிக்கோபார் தீவு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

சுமார் 127 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவின் மக்களுக்குத் தென்னையும், பன்றி வளர்ப்பும், மீன்பிடித்தலும் நெடுங்காலமாக வாழ்வாதாரமாக இருந்து வந்தன. தேங்காய் வேண்டுமெனில் மரமேற வேண்டும். மீன் வேண்டுமெனில் தோணியைச் செலுத்த வேண்டும். தாழை இனத்துப் பழத்தை வேகவைத்து, அதன் சதையைப் பிரித்து உணவாக்குவதும் கடின உழைப்பே. உணவு கிடைப்பதற்கு முன்னரே உடல் அதற்கான உழைப்பைச் செலுத்தி வந்தது.

2004 டிசம்பர் 26-இல் நேர்ந்த சுனாமி கடலோர ஊர்களையும் தென்னந்தோப்புகளையும் அழித்தது. உயிர் தப்பியோர் உட்பகுதியில் தகரக் கொட்டகைகளில் குடியமர்த்தப்பட்டனர். அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை ஆகியவை நிவாரணமாக வழங்கப்பட்டன. நட்ட தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகுமாதலால் அவ்வுதவி இன்றியமையாததாகவே இருந்தது. ஆயினும் உணவுக்கும் உழைப்புக்கும் இருந்த தொடர்பு அதனால் தளர்ந்தது. மோட்டார் சைக்கிள்கள் பெருகப் பெருக நடையும் குறைந்தது.

போர்ட் பிளேயரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 1983-இல் நிறுவப்பட்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையத்தினர் கார் நிக்கோபாரில் நடத்தி, 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட வயது வந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் காணப்பட்டது. இதற்குச் சுனாமி ஒன்றையே காரணமாகக் கூறுதல் பொருந்தாது. வயது, பரம்பரை, உப்பு, மது ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. எனினும் எடை மிகுமாயின் அழுத்தமும் உயரும் என்பது உறுதிப்பட்ட உண்மை. இந்நோய் பெரும்பாலும் வெளிப்படையான அறிகுறியின்றியே இதயத்தையும், மூளையையும், சிறுநீரகத்தையும் பழுதாக்குவது. ஆதலால் நோயாளி தானே வருவாரெனக் களப்பணியாளர் காத்திருத்தல் கூடாது.

அளவு நாடா ஒன்று இருப்பின் இடுப்புச் சுற்றளவை அறியலாம். கடைசி விலா எலும்பின் அடிப்பகுதிக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆடவருக்கு 90 சென்டிமீட்டரும், மகளிருக்கு 80 சென்டிமீட்டரும் எட்டினால் எச்சரிக்கை தேவை. இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் காணப்படின் மறுமுறையும் அளந்து, மருத்துவரிடம் அனுப்புக.

“உடற்பயிற்சி செய்க” என்று மட்டும் கூறினால் பலன் குறைவு. பழகிய வேலைகளை மீண்டும் அன்றாட வாழ்வில் சேர்ப்பதே எளிது. தோட்டத்திற்கு நடந்து செல்வதும், தோணி வலிப்பதும், வீட்டருகே கிழங்கு பயிரிடுவதும் உடற்பயிற்சியே. வயது வந்தோருக்கு வாரம் 150 நிமிடங்களேனும் மிதமான உழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடங்க வேண்டும்.

மாணவர்க்கு நாள்தோறும் ஒரு மணி நேர ஓட்டமும் விளையாட்டும் தேவை. நிக்கோபாரியர் போற்றி வரும் மல்யுத்தத்தையும் தோணிப் போட்டியையும் பெரியோர் மேற்பார்வையில் பள்ளி விளையாட்டுகளில் சேர்க்கலாம். பருத்த குழந்தையை ஏளனம் செய்தலும், வளரும் குழந்தையின் உணவைத் தாமாகக் குறைத்தலும் தகாதவை.

நிவாரண அரிசியை ஏற்றோர் தவறு செய்தவரல்லர். வாழ்க்கை மாறியவிடத்து உடலுக்கு வேண்டிய உழைப்பு எங்கே விடுபட்டது என்பதைக் கண்டறிந்து, அதை மீட்டுத் தருதலே களப்பணியாளரும் ஆசிரியரும் ஆற்ற வேண்டிய தொண்டாகும்.