பாலைவன ஆறும் பீவரின் அணையும்

மெக்ஸிகோவில் உற்பத்தியாகும் ஸான் பெட்ரோ ஆறு, வடக்கு நோக்கிப் பாய்ந்து அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பாலை நிலத்தைக் கடக்கிறது. 19ஆம் நூற்றாண்டு முதல் உரோமத் தோலுக்காக வேட்டையாடப்பட்டதால், இவ்வாற்றில் வாழ்ந்த பீவர் என்னும் பிராணி பிற்பாடு அடியோடு அற்றுப்போயிற்று. 1999ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய அரசின் நில நிர்வாக இலாகா அதனை மீண்டும் அங்குக் குடியேற்றத் தொடங்கியது.

பீவர் நீர்நாயன்று, கொறிக்கும் இனத்தைச் சேர்ந்தது. மரப்பட்டை, இலை, தளிர் முதலியன அதன் உணவு. அது பற்களால் மரங்களை வீழ்த்திக் கிளை, சேறு, கல் ஆகியவற்றைக் கொண்டு ஓடையின் குறுக்கே அணை கட்டும். அணைக்குப் பின்னால் நீர் தேங்கும், வண்டல் படியும், வெள்ளத்தின் வேகம் தணியும். தேங்கிய நீர் கரைகளில் ஊறி, மழையற்ற நாட்களில் சிறிது சிறிதாக ஆற்றுக்குத் திரும்பும். கரையோரத்தில் வில்லோ, காட்டன்வுட் முதலிய மரங்கள் தழைக்கும். பறவைகளும் வந்து சேரும்.

பெருவெள்ளத்தில் இவ்வணைகள் உடைவதுண்டு. சிதைந்ததைப் பீவர் மீண்டும் கட்ட முற்படும். ஆயினும் அது நீரைத் தேக்குமேயன்றி உண்டாக்க வல்லதன்று. மழையில்லாக் காலத்தில் ஸான் பெட்ரோவுக்கு நிலத்தடி நீரே ஆதாரம். சுற்றுப்புறக் கிணறுகள் அந்நீரை அளவின்றி இறைப்பின், அணை கட்டுவதற்கு ஓட்டமே இராது. ஆகவே பீவரைக் குடியேற்றுவோர், கரையில் மரமும் நிலத்தடியில் நீரும் உள்ளனவா என்று முதலில் ஆராய்தல் வேண்டும்.