புத்தகத்தை மூடிப் படியுங்கள்

பிளஸ் டூ பொதுத்தேர்வில் காலை 10 மணிக்குக் கேள்வித்தாள் கைக்கு வந்துவிடும். வாசித்துப் பார்க்க 10 நிமிடம், பதிவெண் முதலிய விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம். விடை எழுதத் தொடங்குவது 10.15-க்குத்தான். இந்தக் கால் மணி நேரம் பல பிள்ளைகளுக்குப் பெரிய கண்டம். உள்ளங்கை வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, முந்தின இரவு கடகடவென்று ஒப்பித்த ஐந்து மார்க் விடை போன இடம் தெரியவில்லை.

படித்தது எங்கும் போய்விடவில்லை. எடுக்கும் வழி அடைபட்டிருக்கிறது. ஆபத்து என்று மூளை முடிவுகட்டியதும், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் முதலில் அட்ரினலினை விடுகின்றன. படபடப்பு அதன் வேலை. பின்னாலேயே கார்டிசால் வருகிறது. அது ஏறுவதற்குச் சுமார் 20 நிமிடம் பிடிக்கும். நினைவுகளைத் தேடித் தரும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் கார்டிசாலைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் ஏராளம் என்பதால் அடி அங்கே விழுகிறது. போதாக்குறைக்கு, ‘மார்க் குறைந்துவிட்டால்?’ என்ற யோசனை வேறு கணக்குப் போட வேண்டிய கவனத்தைத் தின்றுவிடுகிறது.

இதற்கு மருந்து படிக்கும் முறையிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 120 மாணவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2016-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. கொடுத்தது 30 சொற்கள், 30 படங்கள். பாதிப் பேர் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் படித்தார்கள். மீதிப் பேர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகினார்கள். மறுநாள் இரு அணியிலும் பாதிப் பேரை நடுவர்கள் முன்னால் நிறுத்தி, திடீர்ப் பேச்சு, கணக்கு என்று வியர்க்க வைத்தார்கள். (கொஞ்சம் குரூரம்தான்!) பார்த்துப் படித்தவர்களில் நிம்மதியாக இருந்தோர் 30-க்குச் சராசரியாக 9 வரை நினைவுகூர்ந்தார்கள், பதறியவர்கள் 7-ல் நின்றார்கள். எழுதிப் பழகியவர்களோ நிம்மதியில் 10, பதற்றத்தில் 11. பதற்றத்தின் பாச்சா அவர்களிடம் பலிக்கவில்லை.

மார்க்கரால் வரிக்கு வரி கோடு போட்டு நாலு தடவை வாசிப்பது படித்த திருப்தியைத் தரும், அவ்வளவே. பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்பதை வெள்ளைத்தாளில் எழுதுங்கள். முதல் தடவை பாதிகூட வராது, எரிச்சல்தான் வரும். அந்தத் திணறல்தான் பயிற்சி. பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைப் பாருங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி எழுதுங்கள்.

பள்ளி வாசலில் “பயப்படாதே கண்ணு” என்று வழியனுப்பும் பெற்றோருக்கும் ஒரு செய்தி. மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்குத் தயாரான அமெரிக்க மாணவர்கள் சிலரிடம், ‘படபடப்பு மார்க்கைக் குறைக்காது, கூட்டவும் செய்யலாம்’ என்று மாதிரித் தேர்வுக்கு முன் சொல்லிவைத்தார்கள். அதைக் கேட்டவர்கள் கணிதத்தில் மற்றவர்களை முந்தினார்கள். பின்னர் எழுதிய நிஜத் தேர்விலும் முந்தினார்கள். 2010-ல் வெளியான ஆய்வு இது. படபடக்கும் பிள்ளையிடம் “படபடக்கட்டும், உடம்பு தயாராகிறது” என்று சொல்லிப் பாருங்கள்.

ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது படிப்பு முறையால் தீரும் விஷயம் அல்ல. மத்திய அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.