பெயரை மாற்றினால் போதுமா?



சின்ன வெங்காயத்துக்குப் பெயர் பெற்றது எங்கள் செட்டிகுளம். இங்கே நான் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில் கால் சூம்பிய சிறுவன் ஒருவன் ஓதி வந்தான். மூன்று நாட்களாக அவனைக் காணாமல் வீடு தேடிச் சென்றேன். "எல்லாப் பிள்ளைகளும் 'நொண்டி' என்றே கூப்பிடுகிறார்களாம், ஹஜ்ரத்! இனி வரமாட்டேன் என்கிறான்" என்று அவனுடைய தாயார் கண் கலங்கினார்.

மறுநாள் பிள்ளைகளைக் கண்டித்தேன். அந்தச் சொல் அன்றோடு ஒழிந்தது. சிறுவனும் திரும்பி வந்தான். ஆனால், விளையாட்டில் அவனை எவரும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஹவ்ளுப் படியில் அவன் தடுமாறியபோது கைகொடுக்க ஒருவரும் எழவில்லை. அந்தப் படியை அத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்த நானும் எழவில்லை!

பிறர் மனம் நோகாத சொற்களையே ஆளவேண்டும் என்பது நாகரிகமா, அல்லது நாவுக்குப் பூட்டா என்று உலகெங்கும் வாதிடுகிறார்கள். தமிழுக்கு இது புதிதன்று. செத்தாரைத் 'துஞ்சினார்' எனச் சொல்வதை மங்கலம் என்றும், அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வதை இடக்கரடக்கல் என்றும் நன்னூல் வகுத்துள்ளது. நம் வீடுகளிலும் 'வஃபாத்தானார்' என்றுதானே சொல்கிறோம்?

2006 முதல் 2011 வரை நடந்த கலைஞர் கருணாநிதி ஆட்சியில் 'ஊனமுற்றோர்' என்ற சொல் நீங்கி, 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் அரசு ஏடுகளில் ஏறிற்று. இழிசொற்களால் புண்பட்டவர்களுக்கு இது பெரும் ஆறுதல். ஆயினும் சொல் வேலை தராது, சட்டம் வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் 3 விழுக்காடு ஒதுக்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 4 ஆக உயர்த்தியது. பொது இடத்தில் வேண்டுமென்றே அவர்களை இழிவுபடுத்துவோருக்குச் சிறைத் தண்டனையும் விதித்தது.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2020இல் 'துப்புரவுப் பணியாளர்' என்பது 'தூய்மைப் பணியாளர்' ஆயிற்று. பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரைச் சாக்கடைக் குழிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பின்னரும், நச்சுக்காற்றில் உயிர்கள் போவது நிற்கவில்லை. பெயர் உயர்ந்து நிலை உயராவிட்டால், அழகிய சொல்லே அநீதிக்குத் திரையாகிவிடும். தீங்கு அங்கேதான் இருக்கிறது.

நம் மார்க்கம் என்ன சொல்கிறது? ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடை செய்கிறது. ஆகவே, "சொல்லில் என்ன இருக்கிறது?" என்று நாம் தட்டிக்கழிக்க முடியாது. அதே வேளையில், ஹதீஸ் அறிவிப்பாளர்களுள் ஒரு பெரியார் 'அல் அஃரஜ்', அதாவது 'கால் ஊனமானவர்', என்ற பெயராலேயே அடையாளம் காணப்படுகிறார். அப்பெயரை மரியாதையோடு சொல்லி அவரிடமிருந்து கல்வியைப் பெற்றது சமுதாயம். ஒரே சொல்லை ஏளனம் நஞ்சாக்குகிறது, கண்ணியம் அடையாளமாக்குகிறது.

கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இடையே வந்த இவரைவிட்டு முகம் திருப்பியபோது, 'அபஸ' அத்தியாயம் இறங்கியது. அதில் பார்வையற்றவர் என்ற நேர்ச்சொல்லே வந்துள்ளது. மாற்றுப் பெயர் எதுவும் சூட்டப்படவில்லை. ஆனால், அவருடைய நிலை மாறிற்று. மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்ததுண்டு.

எனவே, நற்சொல் நன்மையே. ஆனால் அது முதல் படிதான். அடுத்த ஜும்ஆவுக்குச் செல்லும்போது உங்கள் பள்ளிவாசலின் படிகளைக் கவனியுங்கள். கைப்பிடி இருக்கிறதா? சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இருக்கிறதா? உங்கள் பிள்ளை யாரைப் பட்டப்பெயரால் அழைக்கிறான், யாரை விளையாட்டுக்கு அழைப்பதில்லை என்று இன்றிரவே கேளுங்கள்.

எங்கள் ஹவ்ளுப் படிக்கு இப்போது கைப்பிடி வைத்துவிட்டோம். அந்தச் சிறுவன் அதைப் பிடித்தபடி தானே இறங்கி ஒளுச் செய்கிறான்.

நாவையும் நடத்தையையும் ஒருங்கே திருத்திக்கொள்ள அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.