ஐந்தருவிக் கடையில் தேயிலை வாங்குமுன்

சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்து ஐந்தருவிப் பக்கம் கடைகளில் கூட்டம் நெரியும். நேந்திரம் சிப்ஸ், ஏலக்காய், கிராம்பு வரிசையில் தேயிலைத் தூளும் இருக்கும். ஈரத் தலையோடு வருகிறவர்களிடம் "எஸ்டேட் தூள், புதுசு" என்று சொல்லி, பெயரோ தேதியோ இல்லாத பிளாஸ்டிக் கவரை நீட்டினால் பலரும் முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள். அது எந்த மலையில், எப்போது விளைந்தது என்பதை மூக்கால் அறிய முடியாது.

சீனாவின் யுன்னான் மாகாணத்துப் பு-எர் தேயிலை இதற்கு நல்ல பாடம். வட்ட அடைகளாக அழுத்தி, ஆண்டுக்கணக்கில் வைத்து நொதிக்கவிடும் தேயிலை அது. பழசாக ஆக விலை ஏறும். அதனால் புதிய அடையைப் பழையது என்று விற்கும் மோசடியும் பெருகியது. ஈரப்பதம் மிகுந்த அறையில் வைத்தால் இலை விரைவில் கறுத்துவிடும் என்பதால், நிறம் வயதுக்குச் சாட்சி ஆகாது. விவரம் தெரிந்தவர்கள் மேலுறை, அடைக்குள் பதித்த சீட்டு, ஆலையின் வரலாறு ஆகியவற்றை ஒப்பிடுகிறார்கள். ஈரக் குவியலாக்கி வேகமாக நொதிக்கவைக்கும் முறை 1970களில்தான் குன்மிங் ஆலையில் உருவானது. அப்படி நொதித்த அடையை '1950ஆம் ஆண்டுச் சரக்கு' என்று யாராவது விற்றால், சுவைத்துப் பார்க்காமலே பொய் என்று சொல்லிவிடலாம்.

நம் பக்கத்திலும் இதே கணக்கு செல்லும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தைக் குத்தகைக்கு நடத்திய பம்பாய் பர்மா நிறுவனம் 2024இல் அங்கே வேலையை நிறுத்திக்கொண்டது. இன்று 'மாஞ்சோலைப் புதுத்தூள்' என்று யாராவது விற்றால், அரைத்த ஆலை எது, பொட்டலமிட்ட தேதி என்ன என்று கேட்க வேண்டும்.

பொட்டலத்தில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, தொகுதி எண், தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை இருக்க வேண்டும். பில்லிலும் அந்த எண்ணைக் குறிப்பிடுவது 2022 முதல் கட்டாயம்.

சாயம் கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, தாள் நனையும்படி தண்ணீர் தெளித்து, சற்றுப் பொறுத்துத் தூளைக் குழாயடியில் கழுவிவிடுங்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கறை தங்கியிருப்பது சாயத்தின் அடையாளம். காய்ந்த தூளின் மேல் காந்தத்தை நகர்த்தினால், இரும்புத் துகள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். கிராம்பையும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். எண்ணெய் எடுத்த சக்கை மிதக்கும்.

இவை சந்தேகத்தை உறுதிசெய்யும், அவ்வளவுதான். வழக்குக்கு ஆய்வக அறிக்கை வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன் 40ஆம் பிரிவு, வாங்கிய பொருளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கும் உரிமையை வாடிக்கையாளருக்கே தருகிறது. சோதனைக்குக் கொடுக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். கட்டணமும் கட்ட வேண்டும். பொருள் சட்ட விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்று பகுப்பாய்வாளரின் அறிக்கை காட்டினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தவறான முகப்புச் சீட்டோடு விற்றால் 3 லட்சம் ரூபாய் வரையும், உடல்நலத்துக்குக் கேடான கலப்படப் பொருளை வைத்திருந்தால் 10 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

புகார் சொல்ல அலைய வேண்டியதில்லை. தமிழக உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் படத்தோடு அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணத்தையும் இழப்பீட்டையும் கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். சென்னையிலிருந்து சீசனுக்கு வந்து ஏமாந்தவர் தென்காசிக்குத் திரும்பி வர வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. கால வரம்பு 2 ஆண்டு. அதுவரை பில்லையும் கவரையும் மீதித் தூளையும் பத்திரமாக வைத்திருங்கள்.