புளியமரத்துக் கூழைக்கடாக்கள்

பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே விரைவுச்சாலை திறக்கப்பட்ட பிறகு, வழியிலுள்ள ஊர்களின் பெயர்ப்பலகைகளைப் படிக்கவும் எவருக்கும் பொழுதில்லை. பழைய நெடுஞ்சாலையிலேயே சென்று, சென்னபட்டணத்தைக் கடந்து, மத்தூருக்கு முன்னதாக ருத்ராட்சிபுரத்தில் இடப்புறம் திரும்பினால், ஏறக்குறைய 12 கிலோமீட்டரில் கொக்கரெ பெள்ளூர் வந்துவிடும். மண்டியா மாவட்டத்துக்கே உரிய கரும்பும் நெல்லும் முசுக்கொட்டைத் தோட்டங்களும் வழியெங்கும் தொடர்கின்றன. பெங்களூரிலிருந்து விடியுமுன் புறப்பட்டால் காலை வெயில் ஏறுவதற்குள் ஊரை அடையலாம். மாலைக்குள் வீடு திரும்பலாம்.

கன்னடத்தில் கொக்கரெ என்றால் நாரை. நம் கொக்குக்கு உறவான சொல். ஊரின் பெயரே பறவையைச் சொல்கிறது. ஆயினும் முதன்முறை வருபவர் சற்றுத் திகைக்கத்தான் செய்வார். வேடந்தாங்கலைப் போல் இங்கே ஏரியும் இல்லை, நீருக்குள் நிற்கும் மரங்களும் இல்லை. ஓட்டு வீடுகள், மாட்டுத்தொழுவம், வைக்கோற்போர், கோலமிட்ட வாசல். அந்த வாசலுக்கு நேர் மேலே, புளியமரத்தின் உச்சியில், இறக்கை விரித்தால் இரண்டரை மீட்டர் அகலமுள்ள கூழைக்கடா தன் கூட்டில் அமர்ந்திருக்கிறது. திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்தைப் பார்த்தவர்களுக்கு இக்காட்சி புதிதாயிராது.

இரண்டு இனங்களே இங்கு முதன்மையானவை. ஒன்று மஞ்சள்மூக்கு நாரை. பழைய பெயர் சங்குவளை நாரை. மழைக்காலம் ஓய்ந்ததும் முதலில் வந்து சேர்வது இதுவே. மற்றொன்று அலகில் புள்ளிகளையுடைய சாம்பல்நிறக் கூழைக்கடா. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கூடுகள் நிறைந்திருக்கும்; கோடை முடியுந்தறுவாயில் குஞ்சுகளோடு பறந்துவிடும். மார்ச் மாதம் செல்வது என் தேர்வு. அப்போது குஞ்சுகள் பெருத்திருக்கும். தாயின் தொண்டைப்பைக்குள் கூழைக்கடாக் குஞ்சு தலையை நுழைத்து மீனைத் தேடும் காட்சியைத் தெருவில் நின்றபடியே காணலாம். உச்சிவெயிலில் நாரைகள் குஞ்சுகளுக்கு மேல் சிறகை விரித்து நிழல் தருகின்றன. தொலைநோக்கி இருந்தால் நன்று, இல்லாவிடினும் குறையில்லை. தலையில் தொப்பி மட்டும் கட்டாயம் வேண்டும். எச்சம் எங்கே விழும் என்று சொல்ல இயலாது. மீன்வாடையும் சற்றுக் கடுமையானதுதான்.

ஊரார் இப்பறவைகளைப் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்த மகள்களாகக் கருதுகின்றனர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய்க்கு அஞ்சி ஊரே இடம் பெயர்ந்தபோது, பறவைகளும் பின்தொடர்ந்து வந்தன என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. எச்சத்தை வீணாக்குவதும் இல்லை. மரத்தடியில் குழி தோண்டி, ஏரி வண்டலைப் பரப்பி, விழுவதைச் சேர்த்து வயலுக்கு எருவாக்குகின்றனர். கர்நாடிக் பகுதியில் ஊர்நடுவே மரங்களில் கூழைக்கடாக்கள் கூடுகட்டுவதை ஆங்கிலேயப் பறவையியலர் ஜெர்டன் 1860களிலேயே எழுதிவைத்தார். கொக்கரெ பெள்ளூரை அறிவியல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் வனத்துறை அதிகாரி நெகின்ஹால். அவர் இங்கு வந்தது 1976இல்.

மகள் என்ற உறவுக்கு ஒரு விலை உண்டு. பயணக் குறிப்புகள் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை. புளி பழுத்து உலுக்கும் பருவம் தை முதல் சித்திரை வரை. கூடுகளில் முட்டையும் குஞ்சும் இருக்கும் பருவமும் அதுவே. கிளையை உலுக்கினால் கூடு விழும். எனவே பறவையை அனுமதிக்கும் மரத்தின் உரிமையாளர் அவ்வாண்டின் புளியைத் துறக்கிறார். ஒரு சிறு உழவர் குடும்பத்துக்குப் புளியமரம் என்பது ஆண்டுதோறும் கைக்கு வரும் ரொக்கம். மரத்துக்கு இவ்வளவு என்று வனத்துறை ஈட்டுத்தொகை வழங்குகிறது. ஆனால் அத்தொகை இழந்த மகசூலுக்கு ஈடாகவில்லை என்பது உரிமையாளர்களின் நெடுநாளைய குறை. பிள்ளைகள் பிரிந்து தனி வீடு கட்ட இடம் தேவைப்படும்போது, நல்ல விலை கிடைக்கும்போது, மரம் வெட்டுண்டுபோகிறது. முதிர்ந்த புளியமரம் ஒன்று போனால் அதற்கு ஈடான மற்றொன்று வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஊரும் சுற்றுப்புறமும் 2007இல் சமூகக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. எனினும் மரம் தனியார் உடைமை. இன்றும் பறவையின் தங்குமிடம் ஒரு குடும்பத்தலைவரின் கணக்கைப் பொறுத்தே இருக்கிறது. பறவை பார்க்க வருபவர்கள் அக்குடும்பங்களிடம் இளநீரோ உணவோ வாங்கினால் சிறிதளவாவது பணம் மரத்தடிக்குச் சேரும். வேறொன்றும் பெரிதாகச் செய்யவேண்டாம்.

ஹெஜ்ஜார்லெ பளகா என்னும் உள்ளூர் அமைப்பு 1990களிலிருந்து இயங்குகிறது. ஹெஜ்ஜார்லெ என்பது கூழைக்கடா. பளகா என்பது சுற்றத்தார். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்துவந்து, அடைப்புக்குள் வைத்து மீன் ஊட்டி, பறக்கும் பருவம் எய்தியதும் விடுவிக்கின்றனர். புதிய மரக்கன்றுகளையும் நடுகின்றனர். 2017–18 பருவத்தில் கூழைக்கடாக்கள் அடுத்தடுத்து மடிந்தன. இரையான மீன்களின் வழியே உடலில் புகுந்த உருளைப்புழுக்களே காரணம் என்று தெரியவந்தது. மரம் இருந்தால் மட்டும் போதாது, சுற்றிலுமுள்ள ஏரிகளின் நீரும் நன்றாயிருக்க வேண்டும் என்பதை ஊரார் அன்று கண்ணெதிரே கண்டனர்.

நண்பகலுக்குப் பின் சிம்ஷா ஆற்றங்கரைக்கு நடக்கலாம். ஊருக்கு அருகிலேயே ஓடுகிறது. நீர் குறைந்த இடங்களில் நாரைகள் அலகைப் பாதி திறந்து நீருக்குள் அமிழ்த்தியபடி மெல்ல நடக்கும். மீன் தொட்டதும் அலகு மூடிக்கொள்ளும். நீர்க்காகங்களும் மீன்கொத்திகளும் உடன் இருக்கும். திரும்பும் வழியில் மத்தூர் வரை சென்று, சுடச்சுட மத்தூர் வடை உண்டு, மீண்டும் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். அந்நேரத்தில் மேலே பார்த்தால், அன்றைய மீனுடன் ஊர் திரும்பும் கூழைக்கடாக்கள் வரிசையாகப் பறந்து செல்வது தெரியக்கூடும்.